ரசமட்டத்துக்கு அடங்காத கோடு

கையில் காசு புரள ஆரம்பித்தால் சிலர் நிலம் வாங்குவார்கள், சிலர் விலை உயர்ந்த நாய் வாங்குவார்கள். ஆற்றோரக் குடியிருப்பில் இருந்தவர்களிடம் இரண்டுமே தேவைக்கு மேல் இருந்தன. அதனால் அவர்கள் வரலாறு வாங்கக் கிளம்பினார்கள்.

எந்தத் தெருவில் நுழைந்தாலும் வாசலுக்கு வாசல் பித்தளைத் தகடு. இந்த மாளிகையைக் கட்டியவர் மர வியாபாரி. இந்தப் படித்துறையில்தான் முதல் நீராவிப் படகு வந்து நின்றது. இந்த மரத்தை நட்டவர் ஒரு நீதிபதி. பக்கத்து வீட்டில் நீதிபதி நட்ட மரம் இருக்கிறது என்று தெரிந்ததும் எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும். தன் வீட்டுக் கிணற்றில் ஒரு தளபதியாவது தண்ணீர் குடித்திருக்க மாட்டாரா என்று குடும்பத்தோடு தேட ஆரம்பித்துவிடுவார்.

இப்படித் தேடுகிறவர்களைக் கட்டி மேய்ப்பதற்கென்றே ஊர் வரலாற்று வட்டம் என்று ஒன்று இருந்தது. படகுக் கிளப்பின் மாடியில், ஆற்றைப் பார்த்த ஜன்னல்கள் வைத்த ஒரு வாசிப்பறையில் கூடுவார்கள். அதன் தலைவர் தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டே அவருக்குப் பெயர் ஆதாரம் சார் என்று ஆகிவிட்டது. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஒரு பெரிய வீட்டுக்காரர், தன் மாடியறையில் அமைச்சர் ஒருவர் ஒரு வாரம் தங்கினார் என்று தகடு கேட்டார். ஆதாரம் சார் விடுவாரா? பழைய செய்தித்தாள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, அமைச்சர் அந்த வீட்டில் தேநீர் குடித்துவிட்டு அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கண்டுபிடித்தார். 'அமைச்சர் ஒருவர் இங்கே தேநீர் அருந்தினார்' என்று வேண்டுமானால் தகடு வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணி அனுமதியும் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் காலை நடையில் இவரைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு வட்டத்தின் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் போடும் வெளியீட்டில் பிழை திருத்துவாள். தெருவிலேயே சின்ன வீடு இவர்களுடையதுதான். ஆற்றோரம் என்றால் சேறும் கொசுவும் என்று வசதியானவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத காலத்தில், மாதச் சம்பளக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து வாங்கிப் போட்ட வீடு. அப்புறம் பாலம் வந்தது. பாலத்தின் மேல் ஏறிப் பணக்காரர்கள் வந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். தோட்டத்தின் முடிவில் ஆற்றுக்கு இறங்கும் சின்ன கேட். கேட்டை ஒட்டிய சுவரில் ஒரு கொடி அடர்த்தியாகப் படர்ந்திருந்தது. அந்தக் கொடியை டீச்சர் தானேதான் வெட்டிவிடுவாள், தோட்டக்காரரைத் தொட விடமாட்டாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போதெல்லாம், "கொடிக்குப் பின்னால அடிக்க வேண்டாம்பா" என்று மறக்காமல் சொல்லிவிடுவாள். ஒரு தடவை பெயிண்டர், "தெரியும்மா, சார் வந்ததுமே சொல்லிட்டாரு" என்றார். பெயிண்ட் மிச்சம் பிடிக்க இந்த மனிதர் எங்கெல்லாம் மூக்கை நுழைக்கிறார் பார் என்று டீச்சர் சிரித்துக்கொண்டாள்.

கொடிக்குப் பின்னால் ஒரு கோடு இருந்தது. அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஆணியால் பூச்சில் கீறிய கோடு. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் போட்டது.

அவர்களுடைய ஒரே மகனைக் கூப்பிடுவதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வாண்டு. பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. "கொஞ்சம் வளரட்டும், உடம்பு தேறட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று டாக்டர் சொன்னதை அவன் காதில் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. பாலை மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "அம்மா, வளர்ந்துட்டேனா பாரு" என்று வந்து நிற்பான். அப்படி ஒரு நாள்தான் அவனை அந்தச் சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் அடிக்கோலை வைத்து, கோடு போட்டாள். ஒரு நிமிடம் ஆடாமல் நிற்கிற பிள்ளையா அவன்? கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கீழே வருடத்தின் கடைசி இரண்டு எண்களைக் கீறினாள். ஆணி முனையால் ஒரு புள்ளியும் குத்தினாள். அப்பா ஆபீசில் இருந்து வந்ததும் காட்ட வேண்டும் என்று அவன் குதித்தான். அவர் வருவதற்குள் தூங்கிப்போனான்.

அந்த வருடம்தான் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. தாழ்வான தெருக்களில் படகு போனது என்று இன்றைக்கும் பேசுவார்கள். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வாண்டுவின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றைக் கடக்க வழியில்லை. "நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்குமாம்மா?" என்று அவன் ஜன்னலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர் வடிவதற்குள் அவன் போய்விட்டான்.

வெறும் கையோடு வீட்டுக்கு வந்த அன்று டீச்சர் முதலில் ஓடியது தோட்டத்துக்குத்தான். செடிகள் எல்லாம் சேற்றில் படுத்திருந்தன. சுவரில் சேற்றுத் தடம் அவள் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. கோடு உயரத்தில், காய்ந்து, சுத்தமாக இருந்தது. தண்ணீர் அவனைத் தொடவில்லை என்று அப்போது நினைத்தாள். எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது என்று தெரியாமல் இருந்தவளுக்கு அந்த நினைப்பு கைக்குக் கிடைத்தது.

பிறகு கொடியை நட்டாள். வீட்டில் அவன் பெயரை அவர் எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் அவளும் எடுக்கவில்லை. கல் மனசு என்று சில வருடங்கள் அவர் மேல் கோபம் இருந்தது. அப்புறம் அந்தக் கோபமும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

நகராட்சி ஆற்றங்கரையில் நடைபாதை போடப்போவதாக அறிவித்தபோது குடியிருப்பே கொண்டாடியது. வீட்டு விலை ஏறும் அல்லவா! ஆற்றை ஒட்டிய பின்சுவர்கள் எல்லாவற்றையும் இடித்து, உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டித் தருவார்கள். புராதனச் சின்னம் என்று வரலாற்று வட்டம் பரிந்துரைத்து, நகராட்சி அதிகாரி வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும் அந்தச் சுவரை விட்டுவிட்டு நடைபாதை சுற்றிக்கொண்டு போகும்.

டீச்சர் நேராகத் தோட்டத்துக்குப் போனாள். கொடியை விலக்கிக் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பூச்சைப் பெயர்த்து எடுத்துவிடலாமா? விரல் பட்டாலே உதிர்கிற பூச்சு. தாளை வைத்து நகல் எடுக்கலாமா? நகலில் கோடு வரும், அவன் சாய்ந்து நின்ற சுவர் வருமா? அவரிடம் சொல்லலாம். என்னவென்று ஆரம்பிப்பது? முப்பது வருடமாக எடுக்காத பெயரை எந்த வாக்கியத்தில் வைத்து எடுப்பது?

சொல்லலாம் சொல்லலாம் என்று அவள் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வட்டத்தின் கூட்டம் வந்துவிட்டது.

அன்று வாசிப்பறையில் உட்கார இடமில்லை. வெளியே நடைபாதைக்குக் கைதட்டியவர்கள் எல்லாரும் உள்ளே வந்து தங்கள் சுவரை மட்டும் காப்பாற்றப் பார்த்தார்கள். வட்டத்தின் செயலாளர், வங்கி வேலையை விட்டுவிட்டு வரலாற்றில் குதித்த துடிப்பான பெண், ஒவ்வொரு விண்ணப்பமாக வாசித்தாள். ஒருவருடைய சுவர் முட்டைக் கருவால் கட்டப்பட்டதாம். இன்னொருவருடைய சுவரில் ஒரு குண்டு பாய்ந்ததாம். ஆதாரம் சார் கண்ணாடியை ஏற்றி ஏற்றி ஒவ்வொன்றாகத் தள்ளினார். குண்டு பாய்ந்த ஓட்டை, தண்ணீர்க் குழாய்க்காகப் போட்ட ஓட்டை என்று நிரூபித்தபோது சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணு இருக்கு. எங்க வீட்டுப் பின்சுவர். அதுல பெருவெள்ளத்தோட உயரம் குறிச்சிருக்கு. கோடும் இருக்கு, வருஷமும் இருக்கு."

டீச்சருக்குத் தூக்கி வாரிப் போட்டது.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே சார்?" என்றார் முன்வரிசையில் இருந்த எஞ்சினியர். நீர்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று, சில வருடங்களுக்கு முன்புதான் இங்கே குடிவந்தவர். நல்ல மனிதர். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் ஆதாரம் சாருக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு.

"கொடி மூடியிருந்துச்சு," என்றார் ஆதாரம் சார்.

செயலாளர் கைதட்டியேவிட்டாள். "சார், பெருவெள்ளத்துக்கு நம்மகிட்ட ஒரு தகடுகூட இல்ல சார்! நம்ம ஊருலேயே பெரிய சம்பவம் அதுதான்!"

கூட்டம் முடிந்து டீச்சர் தனியாகப் படி இறங்கினாள். கொடியை விலக்கிப் பார்த்திருக்கிறார். கோட்டைப் பார்த்திருக்கிறார், வருடத்தைப் பார்த்திருக்கிறார், முடிவுக்கு வந்துவிட்டார். வரலாறு தலைக்கேறிய மனிதருக்கு வேறென்ன தோன்றும்? பெற்ற பிள்ளையின் தலையைப் பார்த்துவிட்டு இவருக்குத் தண்ணீர்தான் தெரிந்ததா?

வாயைத் திறந்தால் சுவர் போய்விடும். திறக்காவிட்டால் சுவர் இருக்கும். அதன்மேல் பித்தளையில் வெள்ளம் என்று எழுதி வைத்திருப்பார்கள். நடைபாதையில் போகிறவர்கள் எல்லாரும் நின்று, தண்ணீர் இவ்வளவு தூரம் வந்ததா என்று வாயைப் பிளப்பார்கள். எந்தத் தண்ணீர் அவனைத் தொடவில்லை என்று அவள் இத்தனை காலம் நிம்மதியாக இருந்தாளோ, அந்தத் தண்ணீருக்கே அவனைத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டாள்.

"என்னங்க, அந்தக் கோடு..."

"எந்தக் கோடு?"

"நீங்க கூட்டத்துல சொன்னீங்களே, வெள்ளக் கோடு."

"ஆமா. அதுக்கென்ன?"

"வெள்ளம் வந்ததை நீங்க பார்த்தீங்களா?"

அவர் தட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "பார்த்தேன்," என்றார்.

டீச்சர் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். பார்த்தாராம்! அப்படியானால் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது யார்? ஊரெல்லாம் ஆதாரம் கேட்டு அலைகிற மனிதர், சொந்த மகனுடைய கடைசி நாட்களையே அழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை எழுதிக்கொண்டுவிட்டார். மறந்துபோவது கூடப் பரவாயில்லை. மறந்ததற்கு மேல் பொய் வேறு. அதிகாரி வருகிற அன்று, எல்லார் முன்னாலும் குட்டை உடைத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள். சுவர் போனால் போகட்டும். அவனைத் தண்ணீர் என்று சொல்ல விடமாட்டேன்.

அதிகாரி ஒரு காலை வேளையில் வந்தாள். நடுவயதுப் பெண், கையில் ஒரு கோப்பு, நின்று பேச நேரமில்லாத முகம். அன்று மட்டும் இன்னும் எத்தனையோ இடங்களைப் பார்க்க வேண்டியிருந்ததாம். கூடவே செயலாளர் கேமராவோடு வந்தாள். எஞ்சினியரும் வந்தார். அவர் கையில் கொத்தனார்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு ரசமட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆதாரம் சாரின் முகம் ஒரு மாதிரி ஆனதை டீச்சர் கவனித்தாள்.

கொடியை ஒரு பக்கமாகத் தூக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வெயிலையும் வெள்ளையடிப்பையும் பார்க்காத அந்தத் துண்டுச் சுவர் மற்ற இடத்தைவிடப் பழுப்பாக இருந்தது. அதில் கோடு பளிச்சென்று தெரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் அவனைப் பார்க்கிறார்கள் என்று டீச்சருக்குத் தோன்றியது.

எஞ்சினியர் குனிந்து ரசமட்டத்தைக் கோட்டின்மேல் பிடித்தார். உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடியது. திருப்பி வைத்துப் பார்த்தார். மறுபடியும் ஓடியது.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கோடு சாய்வா இருக்கு. தண்ணி சாய்ஞ்சு நிக்காது சார்."

"சுவர் இறங்கியிருக்கும்," என்றார் ஆதாரம் சார்.

"சுவர் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு சார், அதையும் பார்த்துட்டேன். இன்னொண்ணு, பழைய பம்ப் ஹவுஸ்ல அப்போ வாரியமே குறிச்ச அளவு இருக்கு. அந்தக் கணக்குக்கு இங்க தண்ணி கணுக்கால் அளவுதான் வந்திருக்கணும்."

அதிகாரி கோப்பில் இருந்து தலையை நிமிர்த்தினாள். "சார், இது வெள்ளக் கோடுதான்னு சொல்ல உங்ககிட்ட வேற ஏதாவது ஆதாரம் இருக்கா?"

செயலாளர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் டீச்சரே சிரித்திருப்பாள். ஊரையே உலுக்கிய கேள்வி சுற்றிச் சுற்றி அவரிடமே வந்து நின்றது.

ஆதாரம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். "நான்தான் ஆதாரம்," என்றார். "நான் கண்ணால பார்த்தேன்."

இதோ, இதுதான் நேரம் என்று டீச்சர் ஓரடி முன்னால் வைத்தாள். வாயையும் திறந்துவிட்டாள்.

"எவ்வளவு உயரம் சார்?" என்று அதிகாரி கேட்டாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்கறதைக் காட்டுங்க."

அவர் சுவரின் பக்கத்தில் போய் நின்றார். வலது கையை நீட்டினார். வெள்ளத்தின் உயரத்தைக் காட்டுகிறவர்கள் விரலால் சுவரில் ஓர் இடத்தைத் தொடுவார்கள், இல்லாவிட்டால் கையைக் குறுக்கே வீசுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கோட்டுக்கு முன்னால், காற்றில், உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக வைத்தார். கை அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் லேசாக அசைந்தன. முடியைக் கலைத்துவிடுகிற மாதிரி அசைந்தன. அவருக்கே அது தெரிந்த மாதிரி இல்லை.

ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் வாண்டுவின் தலையில் கையை வைத்து அவர் செய்வது அதுதான். "சீவினதைக் கலைக்காதீங்க" என்று அவள் தினமும் சத்தம் போடுவாள்.

டீச்சருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. பெயிண்டர் சொன்னது புரிந்தது. கூட்டத்தில் தொண்டையைச் செருமியது புரிந்தது. தட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தேன் என்று சொன்னது புரிந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு பொய்யைக்கூடக் கையெழுத்துப் போட்டு அனுப்பாத மனிதர், ஊர் முன்னால் நின்று, ரசமட்டத்துக்கு எதிரில், கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவரில் இருப்பது யார் என்று தெரிந்துதான் சொல்கிறார்.

"சார் ஒருத்தர் சொல்றது போதாது சார்," என்று அதிகாரி தயங்கினாள். "வேற யாராவது பார்த்தவங்க இருந்தா..."

"நான் பார்த்தேன்," என்றாள் டீச்சர்.

ஆதாரம் சார் திரும்பிப் பார்த்தார். கை இன்னும் காற்றிலேயே இருந்தது.

"நான்தான் பக்கத்துல இருந்தேன். அந்தக் கோட்டைப் போட்டதே நான்தான்," என்றாள். குரல் வகுப்பில் பாடம் எடுக்கும்போது வருகிற மாதிரி உறுதியாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம். "ஆணியால கீறினேன். ஒரு நிமிஷம் ஆடாம நிக்கல. அதான் கோடு சாய்ஞ்சுடுச்சு."

எஞ்சினியர் அவளைப் பார்த்தார். அப்புறம் காற்றில் நிற்கிற அந்தக் கையைப் பார்த்தார். தண்ணீரை நாற்பது வருடம் அளந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ. ரசமட்டத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கணக்கு டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அதிகாரியிடம். "இந்த இடத்துல தண்ணி சுழிச்சுக்கிட்டு ஏறியிருக்கும். நான் அதை யோசிக்கல. எழுதிக்கோங்கம்மா."

அதிகாரி எழுதிக்கொண்டாள். செயலாளர் படம் எடுத்தாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. தோட்டத்தில் அவர்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள்.

ஆற்றில் படகுக் கிளப்பின் பிள்ளைகள் துடுப்புப் போட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் போய் மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியும்னு எனக்குத் தெரியாது," என்றாள் டீச்சர்.

"எனக்கே தெரியாது," என்றார் அவர். நெற்றியில் வேர்த்திருந்தது. "அந்த ரசமட்டத்தைப் பார்த்ததும் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"இந்தக் கோடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னான். ஆஸ்பத்திரில. நீ வெந்நீர் வாங்கப் போயிருந்த." அவர் சுவரைப் பார்த்தே பேசினார். "அப்பா, தோட்டத்துச் சுவர்ல என் உயரம் இருக்கு, வீட்டுக்குப் போனதும் பாருப்பான்னு சொன்னான். அப்புறம் காதுகிட்ட வரச் சொன்னான். ஒரு ரகசியம் சொன்னான். நான் எக்கி நின்னேம்ப்பா, அம்மாகிட்ட சொல்லிடாதன்னான்."

டீச்சர் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லாதன்னு சொல்லியிருந்தானே."

"அதை விடுங்க. அவனைப் பத்தி ஒரு வார்த்தை? ஒரு தடவை அவன் பேரு?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "நீதானே சொன்ன," என்றார். "துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாரும் போனப்புறம், அவன் பேரை யாரும் என் முன்னால எடுக்காதீங்க, என்னால தாங்க முடியாதுன்னு நீதான் சொன்ன."

டீச்சருக்கு அது மங்கலாக ஞாபகம் வந்தது. யாரோ ஓர் அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதபோது கத்திய கத்தல் அது.

"அது அவங்ககிட்ட சொன்னது," என்றாள்.

"என்கிட்ட இல்லையா?"

இப்படி ஒரு மனிதரா! அவள் யாரிடமோ ஆற்றாமையில் சொன்ன ஒரு வார்த்தையை உத்தரவாக எடுத்துக்கொண்டு, முப்பது வருடம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவளும்தான், ஒரு தடவை வாய்விட்டுக் கேட்காமல், கல் மனசு என்று தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டீச்சர் இரண்டையும் செய்தாள். அவர் பக்கத்தில் வந்து, பழக்கமில்லாத கையால் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன் எக்கி நின்னது எனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? குதிகால் ரெண்டும் தூக்கிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். டாக்டர்கிட்ட காட்டணுமாம், வளர்ந்துட்டேன்னு. அந்த முகத்தைப் பார்த்துட்டு, இறங்கி நில்லுடான்னு எப்படிச் சொல்றது? அப்படியே போட்டுட்டேன்."

"தெரிஞ்சே தப்பா போட்டியா?" என்றார் அவர். தணிக்கை அதிகாரி எங்கே போய்விடுவார்! "நீயா?"

"கணக்கு டீச்சர் தப்பா போடுவாளா? கிட்ட வாங்க."

அவர் கையைப் பிடித்துச் சுவரின் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். கோட்டுக்குக் கீழே, எண்களுக்குப் பக்கத்தில், பூச்சில் ஆணி முனையால் குத்திய ஒரு சின்னப் புள்ளி இருந்தது. இத்தனை வருடமாக ஒளிந்து ஒளிந்து இந்தச் சுவரைப் பார்க்க வந்தவர் கண்ணில் அது பட்டதே இல்லை.

"அவன் குதிகாலை இறக்கினதும் தலை எங்க வந்துச்சுன்னு பார்த்து வெச்சுக்கிட்டு, ஓடினப்புறம் குத்தினேன். நிஜமான உயரம் இது," என்றாள்.

ஆதாரம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். கட்டைவிரலைப் புள்ளியில் வைத்தார். ஆள்காட்டி விரலைக் கோட்டில் வைத்தார். நடுவில் இருந்தது ஒரு சின்னப் பிள்ளை குதிகாலைத் தூக்கினால் கிடைக்கிற உயரம், அவ்வளவுதான். விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பேரைச் சொல்லுங்க," என்றாள் டீச்சர். "நான் ஒண்ணும் ஆயிட மாட்டேன்."

அவர் உதட்டைக் கூட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயற்சி செய்தார்.

"வாண்டு," என்றார் சுவரிடம். "அம்மாவுக்குத் தெரியுமாம்டா."